தெய்வாத்தாள் தோட்டத்துச் சட்ஜம்

கள்ளிமேட்டுப்பாளையத்தில், தெய்வாத்தாளின் தோட்டத்தில், ஆயிரத்து நூற்று நாற்பது அடி துளை போட்டும் சொட்டுத் தண்ணீர் வராமல் வெறும் புகையாகவே போய், ரிக் வண்டிக்காரர்கள் கம்பிகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்து அடுக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்ட அந்தப் பங்குனி மாதத்து வியாழக்கிழமை மத்தியானம், குழாயின் வாயிலிருந்து தண்ணீருக்குப் பதிலாகச் சட்ஜம் வந்தது.

அது சட்ஜம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவர் வாயை மூடி முனகினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது; ஏறவில்லை, இறங்கவில்லை, மூச்சு வாங்கவும் நிற்கவில்லை. உள்ளே காற்று சிக்கியிருக்கும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று ரிக் டிரைவர் சொன்னார். அவர்கள் வண்டியைக் கிளப்பி, மண் சாலையில் ஏறி, கண்ணுக்கு மறைந்த பிறகும் அது நிற்கவில்லை.

புருசன் போன பிறகு இரண்டரை ஏக்கரையும் தனியாகவே பார்த்துக்கொண்டு, கிணறு வற்றி, மஞ்சள் பயிர் காய்ந்து, மிச்சமிருந்த ஏழு தென்னையையாவது பிழைக்க வைக்கலாம் என்றுதான் தெய்வாத்தாள் துளை போடச் சொன்னாள். பாறைப் பொடி அவள் புருவத்திலும் கன்னத்திலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. நாலடி தள்ளி நின்ற சென்னியப்பனை அவள் பார்த்தாள். நீரோட்டம் பார்த்து அந்த இடத்தைக் குறித்துக் கொடுத்தவர் அவர்தான். அவர் உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய், நிலத்துக்கு அடியில் ஈரம் ஓடும் இடம் வந்ததும் தானாக எழுந்து நிற்கும். சுற்றுப்பட்டு ஊர்களில் அவர் குறித்த எழுபது இடங்களில் மூன்றில்தான் தண்ணீர் பொய்த்திருந்தது.

"என்னங்கண்ணா இது?" என்று தெய்வாத்தாள் கேட்டாள்.

அவர் குழாயின் வாயில் குனிந்து பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அதற்குப் பிறகு வெகுநாள் அவரோடு பேசவில்லை.

அந்த வாரம் முழுக்க ஊர் அந்தச் சத்தத்தை என்ன செய்வது என்று பார்த்தது. மின்வாரியத்து லைன்மேன் வந்து டிரான்ஸ்பார்மரில் காதை வைத்துக் கேட்டு, இது தங்கள் இலாகா இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். குழாய்க்கு மூடி போட்டுச் சாக்கைச் சுற்றிக் கட்டினார்கள். சத்தம் மண் வழியாகவே புறப்பட்டு வீடுகளின் நிலைப்படியிலும் அம்மிக்கல்லிலும் கட்டில் காலிலும் ஏறியது. தாலுகா ஆபீசிலிருந்து வந்தவர் தம் நோட்டில் ஆழம், பாறை, ஈரம் என்று இருந்த கட்டங்களை நிரப்பிவிட்டு, சத்தத்துக்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் 'உண்டு' என்று எழுதிக்கொண்டார். வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து கற்பூரம் கொளுத்தினார்கள், அவர்களுக்காகக் கரும்புச்சாறு வண்டி ஒன்று வந்தது. ஒரு மாதத்தில் வேன் வருவது நின்றது, கரும்புச்சாறு வண்டியும் போனது, சத்தம் மட்டும் இருந்தது.

ஒரு சத்தம் ஓயாமல் இருந்தால் மனுசர்கள் அதைக் கேட்பதை விட்டுவிடுவார்கள், கள்ளிமேட்டுப்பாளையமும் விட்டுவிட்டது. ஆனால் ஊரின் தொண்டை விடவில்லை. தொட்டில் ஆட்டுகிறவள் எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்தச் சத்தத்தில்தான் வந்து இறங்கினாள், பால் சொசைட்டியில் அளவைக் கூவுகிறவர் அதிலேயே நின்று கூவினார், சண்டை போடுகிறவர்கள்கூட ஒருவர் அதிலும் மற்றவர் அதற்கு இசைவான உயரத்திலும் நின்று திட்டிக்கொண்டதால் கேட்கிறவர்களுக்கு விலக்கிவிட மனம் வரவில்லை. மினிபஸ்காரர் ஹாரனை இரண்டு தடவை மாற்றினார், பழைய ஹாரன் ஒலித்த போதெல்லாம் எருமைகள் பாலை அடக்கிக்கொண்டன. வாக்கப்பட்டு வந்த பெண்கள் முதல் மாதம் தலைவலி என்று படுத்தார்கள், இரண்டாம் மாதம் கோலம் போடும்போது தம்மை அறியாமல் முனகினார்கள், அதற்குப் பிறகு தாய்வீட்டுக்குப் போனால் இரண்டே நாளில் திரும்பி வந்து, அங்கே காது சாய்ந்துகொள்ள இடமில்லை என்றார்கள்.

சென்னியப்பன் ஒருவருக்குத்தான் அது கேட்டுக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போதும் கேட்டது, சவரம் செய்யும்போதும் கேட்டது, நீ சொன்ன இடம்தான், நீ சொன்ன இடம்தான் என்று கேட்டது. அவர் தேங்காயைத் தொடுவதை விட்டார். ஒன்பது ஆடு வாங்கினார். மனைவி ராசாமணி, "அதுக்கென்னங்க, ஆடும் சீவனந்தானே" என்றாள்.

ஆடுகளோடு ஊரைச் சுற்றிவந்த ஐந்தாறு மாதத்தில் அவர் வேறொன்றைக் கவனித்தார். கள்ளிமேட்டுப்பாளையத்து நிலம் முழுக்கப் பழைய துளைகள் இருந்தன. தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரைத் தூக்கிவிட்டுப் பக்கத்திலேயே இன்னும் ஆழமாக வேறு துளை போட்டவர்கள் கைவிட்டுப்போன குழாய்கள். அவற்றின் வாயில் குனிந்தால் அவையும் முனகிக்கொண்டிருந்தன, மெல்லமாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில்.

"ராசாமணி, அந்தக் குழாயெல்லாம் தெய்வாத்தா குழாய்க்குப் பதில் சொல்லுது."

"காத்துங்க அது. ஆட்டப் பாருங்க, அடுத்தவங்க சோளத்துக்குள்ள போகுது."

அவருக்கு மனம் கேட்கவில்லை. அந்த வருசம்தான் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு டீச்சராக லில்லி புஷ்பம் நாகர்கோவிலிலிருந்து மாறுதலில் வந்திருந்தார். முப்பது வயது, ஒல்லியான உருவம், யாரோடும் அதிகம் பேசாமல் வாடகை வீட்டு வாசலில் உட்கார்ந்து பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பவர். வேலையில் சேர்ந்த அன்றே, சுருதிப்பெட்டி எதற்கு, இங்கே மண்ணே சுருதி பிடிக்கிறதே என்று சொல்லி, பள்ளிக்கூடத்துச் சுருதிப்பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை காலை சென்னியப்பன் அவரைப் பழைய குழாய்கள் இருந்த வயல்காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் குழாயில் குனிந்தார்.

"இது ப" என்றார். அடுத்ததில் குனிந்து, "இது ம". மூன்றாவதில் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, "இதும் ம தான், கொஞ்சம் சோர்ந்து கிடக்கு" என்றார்.

"எப்படிங்க டீச்சர் சொல்றீங்க? எனக்கு எல்லாம் சத்தமாத்தானுங்க கேக்குது."

"சத்தத்தப் பிடிக்கப் போகாதீங்க அண்ணாச்சி. அது வீட்டுல இருந்து எவ்வளவு தூரத்துல நிக்குன்னு கேளுங்க. வீடுன்னா அந்த அம்மா தோட்டத்துல வருதுல்லா, அதுதான் ச. மத்ததெல்லாம் அதுல இருந்து கிளம்பிப் போனது."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, டீச்சர் குழாயின் மேல் கையை ஊன்றிக்கொண்டு தன் வழியில் விளக்கினார். "நான் நாகர்கோவில்ல பஸ் ஏறுனேம்னு வையுங்க. அது ச. வள்ளியூர் ரி, இப்பதான் கிளம்பியிருக்கோம், திரும்பிரலாமான்னு தோணும். திருநெல்வேலி க, சீட்டுல சாஞ்சு உக்காந்தாச்சு. கோவில்பட்டி ம, அங்க நின்னா மனசு ஒருமாதிரி தொங்கும், மேலயும் போகலாம் கீழயும் போகலாம். மதுரை ப, எறங்கி டீ குடிக்கலாம், அங்கயே இருந்தாலும் தப்பில்ல. திண்டுக்கல் த. தாராபுரம் நி, இனி நிக்க முடியாது, அடுத்தது எறங்கியே ஆகணும். எறங்குனா இந்த ஊரு. மேல் ச. வாடகை வீடுன்னாலும் அதும் வீடுதான, பாத்துக்கிடுங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் வேறு பக்கம் பார்த்தார்.

சென்னியப்பன் நாகர்கோவிலுக்குப் போனதில்லை. அதனால் தனக்கென்று ஒரு வழியை வைத்துக்கொண்டார். தன் வீட்டு வாசல் ச; வாசலைத் தாண்டின வேப்பமரம் ரி; பால் சொசைட்டி க; வாய்க்கால் பாலம் ம, அது நடுவில் தொய்ந்து கிடப்பதால்; பிள்ளையார் கோயில் மேடை ப, யார் வேண்டுமானாலும் உட்காரலாம்; பெரியதம்பியின் களம் த; தெய்வாத்தாள் தோட்டத்து வேலி நி, அங்கே போனால் நிற்கவும் முடியாது, உள்ளே நுழையவும் முடியாது. அந்த வழியில் தினமும் ஆடுகளோடு நடந்தார், வாய்க்குள் முனகிக்கொண்டே நடந்தார், குழாய்களில் குனிந்து குனிந்து எழுந்தார். ரி வந்தது, க வந்தது, நி சீக்கிரமே வந்தது. ம எது ப எது என்பதுதான் மூன்று மாதமாகப் பிடிபடவில்லை. வீட்டில் ராசாமணி சட்டி மூடியைக் கரண்டியால் தட்டினால், ம என்பார்.

"ப-ங்க அது" என்றாள் ஒருநாள், புளி கரைத்துக்கொண்டே.

"நீ எங்க படிச்ச?"

"நீங்க தப்புத் தப்பாச் சொல்றதக் கேட்டுக் கேட்டுத்தான்."

அன்றைக்கு இருவரும் வீட்டிலிருந்த அத்தனை பாத்திரத்தையும் தட்டிப் பார்த்தார்கள். சோறு வடிக்கும் சட்டியில் ஒன்றும் தோசைக்கல்லில் ஒன்றுமாக, ம தொங்குவதும் ப உட்காருவதும் அவருக்குள் தனித்தனியாகப் பிரிந்தன. பிரிந்தது பிரிந்ததுதான், அதற்கப்புறம் அவர் தவறவே இல்லை.

தை மாதத்தில் ஒரு காலை, பெரியதம்பி காட்டில் ப என்று முனகிக்கொண்டிருந்த குழாய் ம என்றது. சென்னியப்பன் தன் காதைத்தான் சந்தேகப்பட்டார். ராசாமணியைக் கூட்டிவந்தார், அவளும் ம என்றாள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார்கள். பழைய அளவைவிடத் தண்ணீர் வெகுவாகக் கீழே போயிருந்தது. அதன் பிறகு அவர் எல்லாக் குழாய்களையும் முறைவைத்துச் சுற்றினார். மாசியில் ம என்றவை பங்குனியில் க என்றன, க என்றவை ரி பக்கம் சாய்ந்தன. தண்ணீர் இறங்கினால் உள்ளே வெற்றிடம் நீள்கிறது, வெற்றிடம் நீண்டால் சுரம் தாழ்கிறது. அடிவரை காலியான குழாய் தெய்வாத்தாளுடையது, அது ச. ஊரின் குழாய்கள் எல்லாம் ஒவ்வொரு படியாக அதை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தன.

அந்த வெயிலுக்குப் பன்னிரண்டு பேர் புதிதாகத் துளை போட இருந்தார்கள். அவர்களில் ஆறு பேர், ஒரு தடவை பொய்த்தால் என்ன, இடம் குறித்துக் கொடுங்கள் என்று சென்னியப்பனிடமே வந்தார்கள். அவருக்குத் தொழில் திரும்பி வந்து வாசலில் நின்றது. அவர் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, இனிமேல் யாரும் போடக்கூடாது என்றார்.

மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. துளை போட இருந்தவர்களில் ஒருவரான பெரியதம்பிதான் முதலில் பேசினார். முப்பது ஏக்கர்க்காரர், கோபக்காரர் இல்லை, ஆனால் சொன்னால் செய்கிறவர்.

"தேங்கா சொல்லுச்சுன்னு ஆயிரத்தி நூறடி போட வெச்ச. இப்பக் காது சொல்லுது போடாதேங்கற. நாங்க எதக் கேக்கறது சென்னியப்பா?"

"காதக் கேளுங்க."

"உன்ற காதயா?"

"உங்க காதுங்க. உங்க ஊட்டுப் பிள்ளைகளுக்கு வந்திருச்சு, உங்களுக்கு வராதா?"

லில்லி டீச்சரிடம் படித்த எட்டாம் வகுப்புப் பெண்கள் மறுநாள் காட்டுக்கு வந்தார்கள். குழாயைப் பார்க்காமல் திரும்பி நின்று, ஒவ்வொரு குழாயின் சுரத்தையும் சொன்னார்கள். ஆண்கள் கயிறு இறக்கி அளந்தார்கள். ரி என்ற குழாயில் தண்ணீர் அடியில் கிடந்தது, ப என்ற குழாயில் மேலே நின்றது. பதினான்கு குழாய்க்கும் அப்படியே இருந்தது. பிறகு மறுபடி கோயில் முன்னால் கூடியபோது பெண்கள் பக்கத்திலிருந்து தெய்வாத்தாள்தான் எழுந்தாள்.

"என்ற தோட்டத்துல போட்டுப் பாத்தாச்சு. கடசீல என்ன வருமுன்னு தெனமும் கேட்டுட்டுத்தான இருக்கறோம். இன்னும் பன்னெண்டு பேரு அதையே போட்டுக் கேக்கோணுமா?"

உட்காருவதற்கு முன்னால் சென்னியப்பனைப் பார்த்து, "மழைத்தண்ணி என்ற குழாய்க்குள்ள போறாப்பல குழி வெட்டித் தாரீங்களாண்ணா?" என்று கேட்டாள். அடுத்த நாள் காலையில் அவர் மண்வெட்டியோடு போனபோது அவள் பாதி வெட்டியிருந்தாள். கல்லும் கரியும் மணலுமாகப் போட்டு இருவரும் அந்தக் குழியை நிரப்பினார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் பழைய குழாய்களைச் சுற்றி வெட்டினார்கள், குட்டையைத் தூர் வாரினார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மோட்டார் போடுவது என்று ஊர்க்கட்டு வைத்தார்கள்.

சுரம் கேட்பது இப்படித்தான் ஊருக்குள் இறங்கியது. நூறுநாள் வேலைக்குப் போகிற பெண்கள் போகிற வழியில் குழாய்களில் குனிந்துவிட்டுப் போனார்கள். டீக்கடையில் விலைவாசி பேசுகிறவர்கள், நம்ம குழாய் ரிக்கும் கவுக்கும் நடுவில் தவிக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் எத்தனை ஏக்கர் என்று கேட்டதோடு, குழாய் என்ன சுரம் என்றும் கேட்டார்கள். வெளியூர்க்காரர்கள் அதைக் குலம் கோத்திரம் போல ஏதோ ஒன்று என்று நினைத்து, விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். பதினெட்டு வயதிலிருந்து காது மந்தம் என்று ஒதுங்கியிருந்த ஒருவர் உள்ளங்கையைக் குழாயின் விளிம்பில் வைத்தே நி என்று சொல்லிவிடுவார்.

இரண்டு ஐப்பசி வந்துபோயின. முதல் மழை சுமார், இரண்டாம் மழை நன்றாகவே பெய்தது. குழாய்கள் மட்டும் அசையவில்லை. ரி என்றது ரி என்றே இருந்தது, க என்றது க என்றே இருந்தது. இறங்கவில்லை என்று முதல் வருசம் சந்தோசப்பட்டவர்கள், ஏறவில்லை என்று இரண்டாம் வருசம் சலித்துக்கொண்டார்கள். வாழைத்தோப்பை அழித்தவர்கள், மாட்டை விற்றவர்கள், பிள்ளையைப் பனியன் கம்பெனிக்கு அனுப்பியவர்கள் எல்லாரும் சென்னியப்பனைக் கண்டால் கேட்காமல் கேட்டார்கள்.

மாரியம்மன் கோயில் திருவிழாவான நோன்பிக்கு நான்கு நாள் இருக்கும்போது பெரியதம்பி அவர் வீட்டுக்கு வந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார். "ரெண்டு வருசம் உன்ற பேச்சக் கேட்டாச்சு சென்னியப்பா. ஒரு சொரங்கூட ஏறல. நோன்பி முடிஞ்ச திங்கக்கெழம ரிக்கு வருது. உங்கிட்டச் சொல்லாம செய்யப்புடாதுன்னுதான் வந்தேன்."

"நாலஞ்சு மாசம் பொறுக்க முடியாதுங்களா?"

"பொறுத்தா ஏறுமுன்னு நீ சொல்லு, பொறுக்கறேன்."

சென்னியப்பன் காலி மோர்ச் செம்பை வாங்கி வைத்தார். பெரியதம்பி போட்டால் மற்ற பதினோரு பேரும் போடுவார்கள் என்று இருவருக்கும் தெரியும். அவர் போன பிறகு சென்னியப்பன் ஒவ்வொரு குழாயாகக் குனிந்தார். ரி. க. ரி. ரி. பிறகு ஆடுகளை வேப்பமரத்தடியில் கட்டிவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை தேங்காயை நம்பினோம், ஒரு தடவை காதை நம்பினோம், இரண்டு தடவையும் ஊரைக் காய வைத்ததுதான் மிச்சம் என்று தோன்றியது. ராசாமணி சோற்றுப் போசியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள்.

நோன்பிக்கு நாகலிங்கம் நாயனம் வாசிக்க வந்தார். முப்பது ஊருக்கு வாசிக்கிறவர். இந்த ஊரில் மண்ணோடு சேர்ந்து வாசித்தால்தான் காதுக்கு ஆகும் என்பதால், சத்தம் வந்த முதல் வருசமே அதற்குச் சரியாக ஒரு நாயனம் வாங்கி, கள்ளிமேட்டுப்பாளையத்து நாயனம் என்று தனி உறை போட்டு வைத்திருந்தார். போன இரண்டு வருசமும் கொள்ளைநோய்ப் பயத்தாலும் மகள் கல்யாணத்தாலும் அவர் வரவில்லை, மேளம் இல்லாமலே நோன்பி நடந்தது. இப்போது கோயில் முன்னால் நின்று வாயில் வைத்து ஊதினார், நிறுத்தினார். வாயில் வைத்து ஊதும் சீவாளியை உள்ளே தள்ளி ஊதினார். இன்னும் தள்ளினார். கூட்டத்தில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன.

"என்னங்க ஆச்சு?" என்று பூசாரி கேட்டார்.

"சேர மாட்டேங்குதுங்க. இது ரெண்டு கட்ட நாயனம். உங்க ஊரு சுருதி ரெண்டு கட்டதான?"

"எங்க ஊரு எப்பவும் போலத்தானுங்க இருக்குது."

"இல்லீங்க" என்றார் நாகலிங்கம். வேறு உறையிலிருந்து குட்டையான இன்னொரு நாயனத்தை எடுத்து ஊதினார். மண்ணும் அதுவும் ஒன்றாகக் கலந்து, எது எதிலிருந்து வருகிறது என்று தெரியாமல் நின்றது. "இது ரெண்டரை கட்ட. நான் ஊரூராப் போறவன், என்ற கொழல் மாறலீங்க. உங்க ஊருதான் அரைக்கட்ட ஏறிக் கெடக்குது."

லில்லி டீச்சர் அந்த வார்த்தையைக் கேட்டதும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார், நடை பாதியில் ஓட்டமானது. பீரோவைத் திறந்து, மூன்று வருசமாகத் தொடாத சுருதிப்பெட்டியைத் தூசியோடு தூக்கிக்கொண்டு வந்து, கோயில் படியில் வைத்து, இரண்டு கட்டையில் திறந்தார். அது மண்ணோடு உரசிக் கரகரத்தது. இரண்டரையில் திறந்தார். சேர்ந்துகொண்டது. டீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி" என்று சென்னியப்பனைக் கூப்பிட்டார். "நான் மடச்சி. வீட்டுல இருந்து தூரத்தக் கேளுங்கன்னு சொல்லிக் கொடுத்தேன். வீடே ஏறுனா தூரம் மாறாதுல்லா? ரி ரியாத்தான் இருக்கும், க கவாத்தான் இருக்கும். எல்லாம் சேந்து ஏறியிருக்கு. உள்ள இருக்க நமக்கு அது எப்படிக் கேக்கும்?"

சென்னியப்பனுக்கு அதை விளங்கிக்கொள்ள ஒரு மூச்சு விடும் நேரம் ஆனது. அடிவரை காலியான குழாய் ஏறியிருக்கிறது என்றால், அது இப்போது அடிவரை காலியாக இல்லை.

அவர் தெய்வாத்தாளின் தோட்டத்தை நோக்கி நடந்தார். வேலியில் அவர் நிற்கவில்லை. பின்னால் ஊர் வந்தது. ஆயிரத்து நூறு அடிக்குக் கயிறு எந்த வீட்டிலும் இல்லை. கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, தேர் வடத்தின் மிச்சம், தொட்டில் கட்டிய நைலான் கயிறு என்று வந்ததையெல்லாம் முடிந்தார்கள். பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றின் அடியை அடைத்து முனையில் கட்டி இறக்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தது, முடிச்சு முடிச்சாக இறங்கியது. பிறகு தோட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று இழுத்தார்கள், பெரியதம்பி முன்னால் நின்று இழுத்தார். கயிறு காய்ந்தே வந்தது, காய்ந்தே வந்தது, கடைசி முடிச்சுகள் வரும்போது ஈரமாக வந்தது. ஈரமான நீளத்தை அளந்தார்கள். அறுபத்து மூன்று அடி.

பெரியதம்பி ஈரக் கயிற்றைக் கையால் உருவிப் பார்த்தார். பிறகு தள்ளிப் போய் போனை எடுத்து, திங்கட்கிழமை வண்டி வேண்டாம் என்று சொன்னார்.

அந்தக் குழாய்த் துண்டில் ஒரு செம்பு அளவுக்குத் தண்ணீர் இருந்தது, சேறாக. தெய்வாத்தாள் அதை ஒரு பித்தளைச் செம்பில் ஊற்றித் தென்னை நிழலில் வைத்தாள். சேறு அடியில் தங்கட்டும் என்று காத்திருந்தார்கள். கோயிலில் மேளம் தொடங்கியதும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியில் செம்புக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் சென்னியப்பனும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னுமே ஏறுமுங்களாண்ணா?"

"மழ பேஞ்சா ஏறும். இப்பிடியே எல்லாரும் அடங்கி இருந்தா ஏறும்."

"ஏறி ஏறி, மேல வரைக்கும் வந்திருச்சுன்னா?"

"சத்தம் நின்னு போகும் அம்மிணி. ஊதறதுக்கு உள்ள எடம் இருக்காது. அப்பறம் ச எதுன்னு நாமளேதான் ஞாபகம் வெச்சுக்கோணும்."

கோயில் பக்கமிருந்து நாயனம் அரைக்கட்டை ஏறிய மண்ணோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தது.

"எனக்கு அது வந்த அன்னைக்கிருந்து நிம்மதியே இல்லீங்கண்ணா" என்றாள். "இருந்தாலும் நின்னு போயிருச்சுன்னா ஊட்டுல ஆள் இல்லாத மாதிரி இருக்கும்."

செம்பில் மேலே தெளிந்துவிட்டது. அவள் ஆடாமல் தூக்கி, முதலில் அவரிடம் நீட்டினாள். சென்னியப்பன் ஒரு வாய் குடித்து, நாக்கில் வைத்திருந்து, விழுங்கினார்.

"உப்புத் தண்ணிதான் அம்மிணி. கரிக்குது."

தெய்வாத்தாள் செம்பை வாங்கி, சேறு கலங்குகிற இடம் வரைக்கும் மிச்சத்தைக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணிதானுங்களே" என்றாள்.